‘அந்த இடம்’ என்று எழுதிய துண்டு: கம்பஸ் பிள்ளைகளும் பாலியல் சுகாதாரமும்

ஒரு பழைய பிஸ்கட் பேணி. மூடியில் கத்தியால் கீறிய வெட்டு. உள்ளே நாற்பதுக்கு மேற்பட்ட மடித்த துண்டுகள். கொழும்பில் தமிழ் மொழிமூலம் படிக்கும் முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு ஒரு பிற்பகல் வகுப்பு. பெயர் எழுதாமல் கேள்வியை மட்டும் எழுதிப் போடச் சொல்லியிருந்தார்கள். பேச வந்த வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. துண்டைப் பிரித்து வாசித்து அவருக்குச் சிங்களத்தில் சொல்வதும், அவர் சொல்லும் பதிலை மைக்கில் தமிழில் சொல்வதும் அன்று என் வேலை.

ஐந்தாவதோ ஆறாவதோ துண்டில் நீல மையில் இப்படி இருந்தது: “மாதத்தின் நடுவில் எனக்கு ________ இல் இருந்து வெள்ளையாக வருகிறது. இது வருத்தமா?” கோடு இருந்த இடத்தில் முதலில் ஏதோ ஒரு சொல்லை எழுதி, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி வெட்டியிருந்தது. அதற்கு மேலே ‘கீழே’ என்று எழுதி அதையும் வெட்டியிருந்தது. பிறகு பொடி எழுத்தில் ‘அந்த இடம்’. கடைசியில் அதுவும் போய் வெறும் கோடுதான் மிஞ்சியது.

வைத்தியருக்கு நான் சொன்னதில் சிக்கல் இல்லை. இரண்டாம் மொழியில் எந்த உறுப்பின் பெயரும் எனக்குச் சுடாது. அவர் சொன்ன பதிலும் எளிமையானதுதான். மாதவிடாய்ச் சக்கரத்தின் நடுப்பகுதியில் முட்டை வெள்ளைக்கரு போல வழவழப்பாக, மணமில்லாமல் வருவது சூல் வெளியேறும் காலத்தின் அடையாளம், நோயல்ல. கடி, எரிவு, துர்நாற்றம், மஞ்சள் அல்லது பச்சை நிறம், தயிர் போலக் கட்டி கட்டியாக வருவது, இவற்றில் ஏதாவது இருந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இதைத் தமிழில் சொல்ல மைக்கைப் பிடித்தபோது, கோடு போட்ட இடம் வந்ததும் என் நாக்கும் ஒரு கணம் நின்றது. வயது நாற்பதைத் தாண்டிய, இரண்டு பிள்ளை பெற்ற பெண் நான்.

கம்பஸ் பிள்ளைகளுக்குப் பாலியல், இனப்பெருக்கச் சுகாதாரம் சொல்லிக்கொடுப்பதைப் பற்றி யார் எழுதினாலும் ‘விழிப்புணர்வு இல்லை’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. அந்தத் துண்டை எழுதிய பிள்ளைக்குத் தன் உடலில் நடப்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது. எந்த நாளில் வருகிறது என்று கணக்கு வைத்திருக்கிறாள். கேட்பதற்குத்தான் சொல் கிடைக்கவில்லை.

சொல்லே இல்லையா என்றால், புத்தகத்தில் தாராளமாக இருக்கிறது. சூலகம், கருப்பை, யோனிமடல், சுக்கிலம், கருக்கட்டல், நுகம். விஞ்ஞானப் பாடத்தில் படம் கீறிப் பெயரிட்டுப் புள்ளி வாங்கியவர்கள்தான் நாங்கள் எல்லோரும். ஆனால் அவை பரீட்சைத் தாளோடு முடிந்துபோகும் சொற்கள். “அம்மா, எனக்கு யோனிமடலில் கடிக்குது” என்று எந்த வீட்டிலும் யாரும் சொன்னதில்லை. இந்தப் பக்கம் அப்படியென்றால் அந்தப் பக்கம் தூஷணம். அங்கே சொல்லுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் ஒன்றைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாது. நடுவில் கிடப்பவை ‘அது’, ‘கீழே’, ‘அந்த இடம்’.

‘பாலியல்’ என்ற சொல்லையே எடுங்கள். தமிழ்ப் பத்திரிகையில் அது தனியாக வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? பாலியல் வல்லுறவு, பாலியல் துன்புறுத்தல், பாலியல் சேட்டை, பாலியல் நோய். பின்னால் ஒரு குற்றமோ ஒரு நோயோ ஒட்டிக்கொண்டுதான் வரும். பத்து வருடம் பத்திரிகையில் இப்படி வாசித்து வளர்ந்த பிள்ளைக்கு, ‘பாலியல் சுகாதாரம்’ என்று அறிவித்தல் பலகையில் ஒட்டினால், யாரோ பிடிபட்டுவிட்டார்கள் போல என்றுதான் முதலில் தோன்றும். வல்லுறவைக் ‘கற்பழிப்பு’ என்று எழுதிய காலம் இன்னும் முற்றாகப் போகவில்லை. அந்தச் சொல்லின்படி அழிந்தது அவளுடைய கற்பு. செய்தவன் அந்தச் சொல்லுக்குள் எங்கேயும் இல்லை.

இதில் ஒரு கசப்பான வேடிக்கை உண்டு. இந்தச் சொற்களை ஒரு முதலாம் வருடப் பிள்ளை முதன்முதலாகச் சத்தமாகச் சொல்லும் இடம் பெரும்பாலும் வகுப்பறை அல்ல, பகிடிவதைதான். சீனியர் அண்ணாமார் சுற்றி நின்று தூஷணப் பாட்டுப் பாடச் சொல்வதும், உறுப்புகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்ல வைப்பதும் இந்த நாட்டுக் கம்பஸ்களில் புதிது அல்ல. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. அதில் பாலியல் துன்புறுத்தலுக்கு இன்னும் கூடிய தண்டனை. சட்டம் வந்து கால் நூற்றாண்டு போய்விட்டது. வெட்கப்படுத்துவதற்காகவே ஒரு சொல்லைச் சொல்ல வைத்தால், பிறகு அதே சொல்லை வைத்து உடம்பைப் பற்றி வைத்தியரிடம் கேட்க எப்படி வாய் வரும்? வகுப்பெடுக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, உங்களுக்கு முன்னால் ஒரு வகுப்பு ஏற்கெனவே நடந்துவிட்டது என்பதை மறக்காதீர்கள்.

அதற்கும் முன்னால் பாடசாலை. தரம் 6 முதல் 9 வரை சுகாதாரமும் உடற்கல்வியும் கட்டாயப் பாடம். 10, 11 இல் அது தெரிவுப் பாடமாகிவிடும். உயர்தரத்தில் உயிரியல் எடுத்தால் மட்டும் மனித இனப்பெருக்கம் மறுபடி வரும். ஆக, கலைப் பிரிவிலும் வர்த்தகத்திலும் படித்துச் சட்டம், முகாமைத்துவம், கலைப் பீடங்களுக்கு வருகிற பிள்ளைக்கு இந்த விஷயம் பதினாறு வயதோடு முடிந்துபோய்விட்டது. அந்தப் பதினாறிலும் என்ன நடந்தது? “இந்தப் பாடம் நீங்களே வீட்டில் வாசியுங்கோ” என்று சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போன ரீச்சரை எல்லோருக்கும் தெரியும். எனக்கும் ஒருவர் இருந்தார், நல்ல மனுசி. சில ஆண்டுகளுக்கு முன் தரம் 7 க்கென ஆயத்தமான ஒரு நூலை, சின்னப் பிள்ளைகளுக்கு இது தேவையா என்று எழுந்த எதிர்ப்பில் ஓரமாக வைத்துவிட்டார்கள். பாடசாலையில் தள்ளிப்போட்டதெல்லாம் கம்பஸின் தலையில்தான் விழுகிறது.

வீட்டைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். வெள்ளவத்தையில் சாமத்திய வீட்டுக்குப் போகாத தமிழர் இருக்க முடியாது. மண்டபம், பல்லக்கு, மூன்று உடுப்பு மாற்றல், வீடியோக்காரர் தலைக்கு மேலே பறக்கவிடும் கமரா. பிள்ளைக்கு இரத்தம் வந்த செய்தியை இருநூறு பேருக்கு அழைப்பிதழ் அடித்துச் சொல்கிறோம். அவளுக்கு நல்லெண்ணெய், பச்சை முட்டை, உளுத்தங்களி எல்லாம் கிடைக்கும். ஏன் அந்த இரத்தம் வருகிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், எப்போது பயப்பட வேண்டும் என்று சொல்ல அந்த இருநூறு பேரில் ஒருவருக்கும் நேரமிருக்காது. இவ்வளவு பகிரங்கமாகக் கொண்டாடுகிற சமூகம் கூச்சத்தால்தான் பேசவில்லை என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பெடியங்களுக்கு அந்த மண்டபமும் இல்லை. அவர்களுக்கு இரவு பதினொரு மணித் தொலைக்காட்சியில் “வாலிப, வயோதிக அன்பர்களே” என்று ஆரம்பிக்கும் இந்திய லேகிய வைத்தியர்தான் குரு. இப்போது அவரும் கைப்பேசிக்குக் குடிவந்துவிட்டார்.

பெடியங்களின் துண்டுகளில் பாதி அவரிடமிருந்து வந்த பயம். “சுய இன்பம் செய்தால் பிள்ளை பிறக்காதா?” “நாற்பது துளி இரத்தம் ஒரு துளி விந்து என்பது உண்மையா?” உண்மையில்லை. விந்தணு இரத்தத்திலிருந்து வடிவதில்லை, விதைகளில் ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கில் உண்டாகிறது. ஒன்று முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் பிடிக்கும். வெளியே போகாவிட்டாலும் பழையது உடைந்து உடம்போடு சேர்ந்துவிடும். சேமித்து வைக்க அது வங்கிக் கணக்கல்ல. இதை வைத்தியர் சொன்னபோது பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டது மைக்கில் கேட்டது. மண்டபமே சிரித்தது. அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் கையை உயர்த்திக் கேட்கத் தொடங்கினார்கள்.

சரி, இருபது இருபத்தொரு வயதுப் பிள்ளைகளுக்கு என்ன சொல்ல வேண்டும்? எச்.ஐ.வி. என்றால் என்ன, ஆணுறை என்றால் என்ன என்ற தலைப்புகளில் அவர்கள் ஏற்கெனவே பதாகை எழுதிப் பரிசு வாங்கியிருப்பார்கள். தடக்குகிற இடம் வேறு.

முதலாவது, ‘பாதுகாப்பான நாட்கள்’. பெரும்பாலான பிள்ளைகள் 14 என்ற எண்ணை மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார்கள். மாதவிடாய் தொடங்கிப் பதினான்காம் நாள் சூல் வெளியேறும், மற்ற நாளெல்லாம் பயமில்லை. இதில் பிழை எங்கே என்றால், சூல் வெளியேறுவது அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாள் முன்னால். முன்பக்கமிருந்து எண்ணினால் 28 நாள் சக்கரத்துக்கு மட்டும் இரண்டும் ஒன்றாக வரும். 35 நாள் சக்கரம் உள்ளவளுக்கு அது இருபத்தோராம் நாள். அடுத்த மாதவிடாய் எப்போது வரும் என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்? அரையாண்டுப் பரீட்சை, நித்திரை முழிப்பு, போர்டிங் சாப்பாடு, திடீர் மெலிவு, எது வந்தாலும் சக்கரம் தள்ளிப்போகும். சூல் ஒரு நாளுக்குள் செத்துவிடும், உண்மை. விந்தணு ஐந்து நாள் வரை உள்ளே உயிரோடு இருக்கும். ஆக, ஆபத்தான நாட்கள் சூல் வருவதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுகின்றன. இதைக் கரும்பலகையில் ஒரு கோடு கீறி, 28, 31, 35 என்று மூன்று சக்கரங்களைப் பிள்ளைகளையே கணக்குப் போட வைத்தால் பத்து நிமிடம் போதும். கணக்கு என்று வந்துவிட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு வெட்கம் போய்விடும். இதை நான் பல தடவை கண்டிருக்கிறேன்.

இரண்டாவது, அவசர கருத்தடைக் குளிசை. லெவோனோஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், பாதுகாப்பற்ற உறவுக்குப் பிறகு 72 மணித்தியாலத்துக்குள். முந்தினால் முந்தின அளவுக்கு நல்லது. அது செய்கிற முக்கிய வேலை சூல் வெளியேறுவதைப் பிந்தச் செய்வது. சூல் ஏற்கெனவே வெளியேறியிருந்தால் அதிகம் உதவாது. கரு பதிந்துவிட்டிருந்தால் அதைக் கலைக்கவும் மாட்டாது. “இது கருக்கலைப்புக் குளிசையா?” என்ற கேள்வி ஒவ்வொரு வகுப்பிலும் வரும். இல்லை என்பதே பதில். போட்டு இரண்டு மணித்தியாலத்துக்குள் சத்தி வந்தால் மறுபடி போட வேண்டும். அன்றைய ஒரு சம்பவத்துக்குத்தான் அது, வருகிற கிழமைக்குக் காப்பல்ல. அடுத்த மாதவிடாய் ஒரு கிழமைக்கு மேல் பிந்தினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்ய வேண்டும். பாலியல் நோய் எதையும் அது தடுக்காது. எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் அதற்கு வேறு மருந்து. அதையும் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே 72 என்பதால் பிள்ளைகள் இதை மறக்கமாட்டார்கள்.

குளிசை ஃபாமசியில் கிடைக்கும். ஆனால் காலி வீதியில் அதை வாங்கப் போகிற ஒரு தமிழ்ப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். போர்டிங் அன்ரிக்குப் பிரஷர் குளிசை கட்டுகிற அதே கடை. முதலாளிக்கு ஊர் வல்வெட்டித்துறை, இவளுடைய மாமாவோடு படித்தவர். அவள் பஸ் ஏறித் தெஹிவளை தாண்டி, சிங்களம் மட்டும் பேசுகிற ஒரு கடையைத் தேடிப் போகிறாள். அங்கே சனம் குறையும்வரை பனடோல் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். 72 இல் அரைநாள் இப்படிப் போகிறது. வகுப்பில் மருந்தின் பெயரைச் சொல்லிக்கொடுத்தவர்கள், கவுண்டரில் நின்று என்ன சொல்லிக் கேட்பது என்று சொல்லிக்கொடுத்தார்களா?

மூன்றாவது சம்மதம். தமிழில் இதைச் சொல்லிக்கொடுப்பதுதான் எனக்கு எப்போதும் கஷ்டமாக இருந்திருக்கிறது. ஏனென்றால் மொழியே எதிர்ப்பக்கம் நிற்கிறது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். பெண் பார்க்க வந்த வீட்டில் அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனால் ‘பிள்ளைக்குச் சம்மதம்’ என்று பெரியவர்கள் முடிவெடுப்பார்கள். ‘சம்மதமா?’ என்ற கேள்வியே பாதி நேரம் தகப்பனிடம்தான் கேட்கப்படும். இப்படி ஒரு பழமொழி கையில் இருக்க, ‘அவள் ஒன்றும் சொல்லவில்லை’ என்று ஒரு பெடியன் சொன்னால், தன் கணக்கில் அவன் பொய் சொல்லவில்லை. வகுப்பில் அந்தப் பழமொழியைப் பலகையில் எழுதி, இது எங்கே சரி, எங்கே பிழை என்று பிள்ளைகளையே வாதாட விட்டோம். அரை மணித்தியாலம் என்று போட்டது ஒன்றரை மணித்தியாலமானது. ஒரு மட்டக்களப்புப் பிள்ளை எழும்பிச் சொன்னாள்: “பயத்திலயும் வாய் வராதே மிஸ்.” அதற்குப் பிறகு நாங்கள் பெரிதாக ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்பதையும் சட்டபீடப் பிள்ளைகளுக்கு மட்டும் விட்டுவிடக்கூடாது. தண்டனைச் சட்டக்கோவைக்கு 1995 இல் வந்த திருத்தம், பாலுறவுக்கான சம்மத வயதை 12 இலிருந்து 16 ஆக்கியது. அதற்குக் கீழே சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் நீதிமன்றத்தால் பிரிக்கப்பட்ட தம்பதியரைத் தவிர, கணவன் மனைவியை வல்லுறவு செய்வது இன்னும் குற்றமாகக் கொள்ளப்படுவதில்லை. கருக்கலைப்பு 1883 இன் தண்டனைச் சட்டக்கோவை வைத்த இடத்திலேயே இருக்கிறது. தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டும் விலக்கு, மற்றபடி மூன்று வருடம் வரை சிறை, வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கியிருந்தால் ஏழு வருடம் வரை. தன்பாலினருக்கு எதிரான 365, 365அ பிரிவுகளும் அதே கோவையில்தான். அவற்றை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் அல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது.

சேவைகளுக்கு வருவோம். இந்த நாட்டின் தாய்சேய் நலச் சேவை சும்மா ஒன்றல்ல. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் போவதை ஒழித்த நாடு என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. கொழும்பில் 1930 களிலேயே குடும்பக் கட்டுப்பாட்டு கிளினிக் திறந்தவர் வைத்தியர் மேரி ரட்ணம். கனடாவில் பிறந்து, ஒரு தமிழரை மணந்து, 1937 இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதல் பெண். அன்று அவருக்கு வந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. 1953 இல் குடும்பத் திட்டச் சங்கம் தொடங்கியது. அவர்கள் சந்தைக்குக் கொண்டுவந்த ப்ரீத்தி ஆணுறையும் மித்துரி குளிசையும் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள்.

ஆனால் இந்தக் கட்டடம் முழுவதும் கலியாணத்தின் மேல் எழுப்பியது. ஊரில் மருத்துவமாது வீடு வீடாகப் போய் எழுதும் பதிவேடு குடும்பங்களைப் பற்றியது. 2016 ஆம் ஆண்டு மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் கருத்தடை முறை பாவிப்போர் ஏறத்தாழ 65 வீதம் என்று பெருமையாகச் சொல்வோம். அது 15 முதல் 49 வயது வரையான மணமான பெண்களின் கணக்கு. போர்டிங்கில் இருக்கும் பிள்ளை அந்தக் கணக்கில் இல்லை. கர்ப்பிணியானால் அரசு அவளைத் தாங்கிப் பிடிக்கும், அதற்கு முன்னால் அவளிடம் பேச அதற்கு ஆளில்லை. இளைஞர்களுக்கென்று சுகாதார அமைச்சு வைத்த நிலையங்களுக்கு ‘யொவுன் பியச’ என்று பெயர். சிங்களம் தெரியாத பிள்ளைக்கு அது என்ன கடை என்றே விளங்காது. வன்முறைக்கு ஆளானவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இருக்கும் ‘மித்துரு பியச’வுக்கு மட்டும் தமிழில் ‘நட்பு நிலையம்’ என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். பலகையில் அந்தப் பெயரைப் பார்த்து உள்ளே போக யோசிக்கிற பிள்ளைக்கு, அது பாதித் தயக்கத்தைக் குறைக்கும். பெண்களுக்கான 1938, மனநலத்துக்கான 1926 ஆகிய இரண்டு எண்களையும் வகுப்பு முடிவில் கைப்பேசியில் பதிய வைத்துவிடுவது நல்லது.

தடுப்பூசி ஒன்றும் இருக்கிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான எச்.பி.வி. ஊசி 2017 இல் தரம் 6 பெண் பிள்ளைகளுக்குத் தொடங்கியது. அன்று அதைப் போட்டுக்கொண்டவர்கள் இப்போதுதான் கம்பஸ் வயதுக்கு வருகிறார்கள். அவர்களுடைய அக்காமாருக்குக் கிடைக்கவில்லை. எனவே ஒரே விடுதியில், ஒரே அறையில், ஊசி போட்டவளும் போடாதவளும் இருப்பார்கள். “உனக்குப் போட்டதா?” என்று ஒருவரையொருவர் கேட்டுப் பார்க்கச் சொன்னால் பேச்சு தானாகத் தொடங்கும்.

இனி, வகுப்பெடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் தொடாமல் போகும் ஒன்று. தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு இந்த விஷயத்தில் வெட்கம் மட்டுமல்ல, சந்தேகமும் உண்டு. மலையகத்திலிருந்து வந்த பிள்ளையிடம் ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்று சொல்லிப் பாருங்கள். 1980 களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசு ஊக்கப்பணம் கொடுத்தது, தோட்டத்துப் பெண்களை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனது எல்லாம் அவளுடைய அம்மம்மா சொன்ன கதைகள். 2013 இல் கிளிநொச்சியில் பெண்களுக்கு விளங்கப்படுத்தாமல் கையில் கருத்தடைக் குச்சி வைத்தார்கள் என்று முறைப்பாடு எழுந்தது. இதையெல்லாம் மனதில் வைத்திருக்கிற பிள்ளையிடம், இந்த முறை நல்லது, அந்த முறை நல்லது என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனால் அவள் எழுதிக்கொள்வாள், நம்பமாட்டாள். சம்மதம் என்பது கட்டிலோடு முடிவதில்லை, கிளினிக் கதிரையிலும் அதே கேள்விதான் என்று அவளுடைய கதையிலிருந்தே தொடங்கினால், காது கொடுப்பாள்.

சந்தேகம் எல்லாப் பக்கமும் ஓடும். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கறிக்குள் மலட்டுக் குளிசை போட்டார்கள் என்று கூட்டம் கூடியது. காசாளருக்குச் சிங்களம் மட்டுமட்டு. சுற்றி நின்று மிரட்டிக் கேட்டதற்கு அவர் ஏதோ ஆம் என்பது போலச் சொல்ல, அது வீடியோவாகப் பரவியது. கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பிறகு இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்ததில் அது வெறும் மாக்கட்டி. அடுத்த ஆண்டு குருநாகலில் ஒரு வைத்தியர் மேல் இதே மாதிரியான பழி. சாப்பிட்டவுடன் நிரந்தரமாக மலடாக்கும் குளிசை உலகத்தில் கிடையாது. கருத்தடைக் குளிசை என்பது தினம் ஒன்றாக 21 நாள் போட வேண்டியது, இரண்டு மூன்று நாள் மறந்தாலே பிள்ளை தங்கிவிடக்கூடியது. இந்த ஒரு வரியைத் தெரிந்த ஒரு பட்டதாரி அன்று அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கமாட்டாரா என்று யோசித்திருக்கிறேன். இருந்திருக்கலாம். சத்தமாகச் சொல்லப் பழகியிருக்கமாட்டார்.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. சங்கப் பாடலில் களவு இருந்தது, நாங்கள் அந்தக் காலத்திலேயே திறந்த மனசுக்காரர் என்று ஆரம்பிக்கிற பேச்சாளரை மட்டும் கூப்பிடாதீர்கள். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். மேசையில் முதலில் வைக்க வேண்டியது சொற்கள். நாங்கள் பிறகு எடுத்த வகுப்புகளில் முதல் கால் மணித்தியாலம் ஒரே வேலைதான் செய்தோம். பலகையை மூன்றாகப் பிரித்து, புத்தகச் சொல், வீட்டுச் சொல், வைத்தியரிடம் சொல்லும் சொல் என்று எழுதி நிரப்பச் சொன்னோம். முதல் இரண்டு நிரலும் உடனே நிரம்பிவிடும். மூன்றாவதில் எதை எழுதுவது என்று சண்டை வரும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை சொல்வதை மன்னார்ப் பிள்ளை சிரிக்கும், புத்தளத்துப் பிள்ளை வேறொன்று சொல்லும். ‘யோனி’ போதும், ‘மடல்’ வேண்டாம் என்று ஒரு பட்ச் முடிவெடுத்தது. இன்னொரு பட்ச் ‘பெண்ணுறுப்பு’ என்று வைத்துக்கொண்டது. எதுவானாலும் சரிதான். அந்த நாள் முழுக்க மண்டபத்தில் அந்தச் சொல்லையே பாவித்தோம்.

அப்படி ஒரு வகுப்பு முடிந்து, பேணியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது ஒரு பிள்ளை பின்னாலேயே வந்தாள். மருதானைப் பக்கம் டி சேரம் பிளேஸில் இருக்கிற பாலியல் நோய்த் தடுப்பு கிளினிக்கில் பரிசோதனைக்குக் காசு இல்லை என்று வைத்தியர் சொன்னது உண்மையா என்று கேட்டாள். உண்மைதான், 29 ஆம் இலக்கம் என்றேன். அவள் போகவில்லை, அங்கேயே நின்றாள். “மிஸ், வாசல்ல நிக்கிறவரிட்ட நான் என்ன சொல்றது? எனக்குச் சிங்களம் வராது.” பேணிக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்து, பின்பக்கம் திருப்பி, ‘ஒரு டெஸ்ட் செய்ய வந்தேன்’ என்பதைச் சிங்களத்தில், தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: டெஸ்ட் எகக் கரகன்ன ஆவே. அவள் அதை உதட்டுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் தடவை எனக்குக் கேட்கும்படி சொன்னாள்.